ஒப்புதல் மட்டும் தமிழில்

திருவனந்தபுரத்தில் மருத்துவ ஆய்வொன்றில் பங்கேற்கும் எளிய மனிதரின் கைக்கு முதலில் வந்து சேர்வது ஓர் ஒப்புதல் படிவம். அவர் பூந்துறைக் கடற்கரையைச் சேர்ந்தவராயின் படிவம் மலையாளத்தில் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ சிகிச்சைக்கு வந்தவராயின் தமிழில் இருக்கும். இது ஆய்வாளரின் பெருந்தன்மை அன்று, விதி. பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்னரே கையொப்பமோ கைநாட்டோ பெறவேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள். ஆய்வாளரும் அதை ஒழுங்காகவே செய்கிறார். ஆங்கிலத்தில் எழுதுகிறார், மொழிபெயர்க்கிறார், நெறிமுறைக் குழுவிடம் காட்டி ஒப்புதல் பெறுகிறார்.

ஆண்டுகள் இரண்டோ மூன்றோ கழிகின்றன. அதே ஆய்வின் முடிவு ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசிக்கப்படுகிறது. குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது. துணைவேந்தரின் வாழ்த்துரை வாசிக்கப்படுகிறது. பின்னர்ப் பதினைந்து நிமிடங்களில் இருபது பவர்பாயிண்ட் சட்டகங்கள், அனைத்தும் ஆங்கிலத்தில். குருதி கொடுத்தவர் அங்கில்லை. வீட்டுக் கதவைத் திறந்து நாற்பது கேள்விகளுக்கு விடை சொன்ன பெண்ணும் அங்கில்லை. அவர்களிடமிருந்து பெறும்போது அவர்களுடைய மொழி கட்டாயமாக இருந்தது. பெற்றதிலிருந்து அறிந்ததைச் சொல்லும்போது அந்தக் கட்டாயம் மறைந்துவிட்டது.

பொதுச் சுகாதாரம் பற்றிய கருத்தரங்குகளும் பயிலரங்குகளும் குறித்து எழுப்ப வேண்டிய முதற்கேள்வி இதுதான். உணவு நன்றாக இருந்ததா, கருத்தாளர் நேரத்துக்கு வந்தாரா, சான்றிதழில் பெயர் பிழையின்றி அச்சாகியிருந்ததா என்பவையெல்லாம் அதற்குப் பிந்தியவை.

இந்நகரைத் தேர்ந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் பொதுச் சுகாதாரக் கல்விக்குத் திருவனந்தபுரம் அளவுக்கு ஊன்றுகோலாக நின்ற நகரங்கள் மிகச் சில. 1951இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1981இல் மண்டலப் புற்றுநோய் மையம் வந்தது. நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுதமேனன் மையம் 1997இலேயே பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய கேரளப் பல்கலைக்கழகமும், கேரள வளர்ச்சி பற்றிய விவாதத்தை 1975ஆம் ஆண்டின் புகழ்பெற்ற அறிக்கையால் உலகறியச் செய்த வளர்ச்சி ஆய்வு மையமும் இங்கேயே உள்ளன. இத்தகைய நகரில் ஒரு குறை வழக்கமாகிவிட்டால், பிற நகரங்கள் அதையே முன்மாதிரியாகக் கொள்ளும்.

தமிழுக்கும் இந்நகர் அயலூர் அன்று. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை பாடம் நடத்திய ஊர் இது. வையாபுரிப் பிள்ளை இங்குத் தமிழ்ப் பேராசிரியராய் இருந்தார். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் கோட்டையைச் சுற்றிய தெருக்களிலும் இன்றும் தமிழ் கேட்கிறது. 1956 நவம்பர் 1இல் தென்திருவிதாங்கூரின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லை மாறியது. நோயாளிகளின் வழித்தடம் மாறவில்லை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பேருந்தேறி வருவோர் இன்னும் இதே மருத்துவமனைகளின் வாயிலில்தான் காத்திருக்கிறார்கள். ஆகவே இங்கு நடைபெறும் ஆய்வுகளில் தமிழ் பேசுவோர் விருந்தினர் அல்லர். தரவின் ஒரு பகுதியே அவர்கள்தாம்.

இனி, முடிவுகள் ஏன் கருத்தரங்கு மண்டபத்தைத் தாண்டுவதில்லை என்று பார்க்கலாம். ஆய்வாளர்கள் கல்நெஞ்சர்கள் என்பதால் அன்று. மதிப்பெண் அட்டவணை அவ்வாறு அமைந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் 7 மதிப்பெண். உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கு என்றால் 5. தேசியக் கருத்தரங்குக்கு 3. மாநில அல்லது பல்கலைக்கழக அளவிலானதற்கு 2. தூரம் கூடக்கூட மதிப்பு கூடுகிறது. ஆய்வு நடந்த தெருவிலிருந்து எவ்வளவு தொலைவில் அதைப் பேசுகிறீர்களோ அவ்வளவு உயர்வு! அத்தெருவுக்கே திரும்பிச் சென்று அங்குள்ளோர் முன்னிலையில் முடிவைச் சொன்னால் அந்த வரிசையில் அதற்கென்று ஓர் இடமில்லை.

மாணவர் நிலையும் வேறன்று. 2016ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்றன. 2022ஆம் ஆண்டு விதிகளில் அக்கட்டாயம் நீங்கியது. கட்டாயம் போயிற்று, பழக்கம் போகவில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் மாணவரும் பதிவுக் கட்டணத்தைக் கடன் வாங்கியேனும் கட்டுகிறார். நேர்காணலில் சான்றிதழ்களை எண்ணுவார்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பயிலரங்கில் அவர் புள்ளியியல் மென்பொருளைக் கற்கிறார். முறைசார் மீளாய்வு எழுதக் கற்கிறார். நிதி விண்ணப்பம் தயாரிக்கக் கற்கிறார். எல்லாம் வேண்டியவையே. ஆயினும் தாம் கண்டறிந்ததை ஒரு மீன் விற்கும் பெண்ணிடம் பத்து நிமிடத்தில், அச்சுறுத்தாமலும் ஏமாற்றாமலும் எடுத்துச் சொல்வது எப்படி என்று கற்பிக்கும் பயிலரங்கு அரிதினும் அரிது.

இதனால் விளையும் இழப்பு வெறும் மரியாதைக் குறைவு மட்டுமா? இந்நகரின் அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டு, அதற்கும் மேற்பட்டது என்று காட்டுகின்றன.

முதலாவது, 2020 ஜூலை. பூந்துறையில் கொரோனா தொற்று வேகமாகப் பரவியது. கடற்கரையில் காவல்துறை அதிரடிப் படையினர் நிறுத்தப்பட்டனர். ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் நிகழ்ந்துவிட்டது என்று முதலமைச்சர் அறிவித்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே பூந்துறை மக்கள் தெருவில் இறங்கிப் போராடியிருந்தனர். தங்கள் ஊருக்கு நோய்பரப்பும் ஊர் என்னும் பழி விழுந்ததையும் அன்றாடத் தேவைகளுக்கு அல்லற்படுவதையும் எதிர்த்து அவர்கள் குரலெழுப்பினர். சுகாதாரப் பணியாளரின் வாகனமும் மறிக்கப்பட்டது. படித்தவர் உலகம் உடனே அதற்கு 'அறியாமை' என்று பெயரிட்டது. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே அதே ஊர் மக்கள் அதே சுகாதாரப் பணியாளர்களை மலர்தூவி வரவேற்றனர். சில நாட்களில் அறியாமை அறிவாக மாறிவிடாது. மாறியது உறவு. ஆணையிட்டபோது மறித்தவர்கள், அமர்ந்து பேசியபோது வரவேற்றார்கள்.

நெருக்கமான வீடுகளில் ஒருவரைத் தனிமைப்படுத்துவது எப்படி, கடலுக்குப் போகாத நாளில் அடுப்பு எரிவது எப்படி என்னும் கேள்விகளைப் பூந்துறை மக்கள் எழுப்பினார்கள். தொற்றியல் நூல்களில் இடம்பெற வேண்டிய கேள்விகள் அவை. கொள்ளைநோய்க் காலத்துக் கடற்கரை பின்னர் ஆய்வுப் பொருளாகவும் ஆயிற்று, தலைப்பாகவும் ஆயிற்று. அவ்வாறு எழுந்த கட்டுரைகளுள் எத்தனை பூந்துறையில், பூந்துறையார் முன்னிலையில் வாசிக்கப்பட்டன? எழுதியவர் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே விடை சொல்லிக்கொள்ளட்டும். அடுத்த தொற்று வரும்போது அவ்வூர் மக்கள் வாகனத்தை மறிப்பார்களா, மலர் தூவுவார்களா என்பது அந்த விடையையும் பொறுத்தது.

இரண்டாவது, 2024 ஜூலை 13. தம்பானூரில் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டி ஓடும் ஆமயிழஞ்சான் ஓடையில் குவிந்திருந்த குப்பையை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டார். ஏறத்தாழ 46 மணி நேரத் தேடலுக்குப் பின், ஜூலை 15 அன்று, தகரப்பறம்பு பகுதியில் உடல் மீட்கப்பட்டது. மனிதர் சாக்கடைக் குழிக்குள் இறங்காதிருக்க வேண்டும் என்பதற்காக இதே நகரின் இளைஞர்கள் 'பாண்டிக்கூட்' என்னும் எந்திரத்தை உருவாக்கி 2018இலேயே இங்குப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்தனர். அந்நிறுவனத்தின் எந்திரங்கள் அன்று ஓடைக்கு வந்தன. இறங்கியவரின் உடலைத் தேடுவதற்காக வந்தன.

மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. உச்ச நீதிமன்றம் 2014இல் சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கழிவுநீர், திடக்கழிவு, தொழிற்பாதுகாப்பு ஆகியவை பற்றிய கருத்தரங்குத் தலைப்புகளுக்கும் குறைவில்லை. இவ்வளவும் இருந்தும், எந்த ஓடையில் எந்த இடத்தில் மழைக்காலத்தில் இறங்கக் கூடாது என்று நன்கறிந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் ஓர் அமர்வில் கருத்தாளராக அமர்ந்து, பேராசிரியர்கள் குறிப்பெடுத்துக்கொள்ளும் காட்சி ஏன் வியப்புக்குரியதாக இருக்கிறது? அவர் அறிவு அறிவாகவே எண்ணப்படவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியும் அன்று. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய நாவலைச் சுந்தர ராமசாமி 'தோட்டியின் மகன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆலப்புழையில் மலம் அள்ளிய மூன்று தலைமுறைகளின் கதை அது. இசக்கிமுத்து, சுடலைமுத்து என்னும் பெயர்களே அவர்கள் எத்திசையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவிடும். கேரளத்து நகரங்களின் தூய்மை வரலாற்றை எழுதினால் அதன் கணிசமான பக்கங்களில் தமிழ்ப் பெயர்கள் இருக்கும். அவ்வரலாற்றைப் பற்றிய கட்டுரையை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்க முடியாத மொழியில் மட்டும் எழுதி வைப்பது எவ்வகை நீதி?

இங்கே மறுப்புகள் எழும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வது முறை.

ஆங்கிலம் இல்லாமல் ஆய்வுலகம் இயங்காது என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ஆங்கிலத்தை விடுமாறு எவரும் கேட்கவில்லை. ஆங்கிலக் கட்டுரையோடு மலையாளத்தில் இரண்டு பக்கம், தமிழில் இரண்டு பக்கம் என்பதே கேட்கப்படுவது. ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்க்க ஆள் கிடைத்தார்; முடிவை மொழிபெயர்க்க மட்டும் கிடைக்கமாட்டாரா?

கலைச்சொற்கள் இல்லை என்பது இரண்டாவது. இதற்கான விடை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ்க் கிறீன், 1860களில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். நுண்ணுயிரிகளால் நோய் வருகிறது என்பது உறுதிப்படாத காலத்தில் முடிந்த ஒன்று, கைப்பேசியில் அகராதி இருக்கும் காலத்தில் முடியாது என்பது சோம்பலுக்குச் சூட்டிய கௌரவப் பெயர். கேரளத்தின் எடுத்துக்காட்டு இன்னும் அருகில் உள்ளது. அறிவியலை மலையாளத்தில் எழுதவேண்டும் என்று 1962இல் கூடிய எழுத்தாளர்கள் தொடங்கியதே கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்.

மக்களுக்குப் புரியாது என்பது மூன்றாவது மறுப்பு. மூன்றிலும் இதுவே அடிப்படையானது. வெளிப்படையாகச் சொல்லப்படாததும் இதுவே. விளப்பில்சாலை மக்களுக்கு என்ன புரியவில்லை? 2000இல் நகரின் குப்பை ஆலை அவ்வூரில் தொடங்கியது. நாற்றத்தையும் கெட்ட நீரையும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். 2011 டிசம்பரில் ஆலையின் வாயில் பூட்டப்பட்டது. மறு ஆண்டில் காவல்துறை வந்தும் அவர்கள் வழிவிடவில்லை. ஓர் ஊரின் மூக்கும் கிணறும் கண்டறிந்ததை நகரம் காலம் தாழ்த்தியே ஒப்புக்கொண்டது. வலிதணிப்புச் சிகிச்சையையும் நினைவுகூரலாம். 2008இல் அதற்கென ஒரு மாநிலக் கொள்கையை இந்தியாவிலேயே முதலாவதாகக் கேரளம் வகுத்தது. வடகேரளத்தில் அதைத் தாங்கிநின்றவர்கள் அண்டைவீட்டுத் தொண்டர்கள்; மருத்துவப் பட்டம் பெறாதவர்கள். இறக்கும் மனிதரின் வலியை அளந்து பராமரிக்கக் கற்றவர்களுக்கு ஓர் ஆய்வின் முடிவு விளங்காதா?

உண்மையில், கேரளத்தின் சுகாதாரச் சாதனைக்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களுள் ஒன்று இவ்விடத்தில் பொருந்துகிறது. மானிடவியலாளர் ஜோன் மென்ச்சர் 1980இல் எழுதியதன் சாரம் இது: ஆரம்பச் சுகாதார நிலையம் சில நாள் ஆளின்றிக் கிடந்தால் கேரளத்தில் மக்கள் ஆட்சியர் அலுவலகத்தின் முன் திரண்டுவிடுவார்கள், தமக்கு உரியது எது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கேள்வி கேட்கும் மக்களால் உருவான சுகாதாரம் அது. அச்சாதனையைக் கொண்டாடும் கருத்தரங்கிலேயே அம்மக்கள் கேள்வி கேட்க வழியில்லை என்றால், அங்குக் கொண்டாடப்படுவது எது?

மாற்று வழி இம்மண்ணிலேயே நடந்து காட்டப்பட்டிருக்கிறது. 1987இல் பரிஷத்தின் தொண்டர்கள் கேரளக் கிராமங்களில் ஏறத்தாழ 10,000 குடும்பங்களைச் சந்தித்துச் சுகாதாரக் கணக்கெடுப்பு நடத்தினர். இறப்பு விகிதம் குறைவாக இருந்தும் நோய்ச்சுமை மிகுதி, அதிலும் ஏழைகளிடம் மிகுதி என்னும் கசப்பான உண்மையை அது வெளிக்கொணர்ந்தது. 1991இல் அறிக்கை வெளியாயிற்று. 1996இல் மறு கணக்கெடுப்பும் நடந்தது. முதல் அறிக்கையை எழுதியோருள் இருவர் பின்னர் அச்சுதமேனன் மையத்தின் பேராசிரியர்களாய் விளங்கினர். அந்த அறிக்கையின் வலிமை புள்ளியியலில் மட்டும் இல்லை. கேள்வித்தாளோடு சென்றவர்கள் கலைப்பயணங்களால் அறிவியலைத் தெருவுக்குக் கொண்டுசென்று பழகிய இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். கேட்டதோடு மறைந்துபோனவர்கள் அல்லர்.

உலக அளவிலான அறிக்கைகளும் இதையே சொல்கின்றன. 1964இல் பிறந்து பலமுறை திருத்தப்பட்ட ஹெல்சிங்கி அறிக்கை, ஆய்வில் பங்கேற்றோர் அதன் பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட வேண்டும் என்கிறது. 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா அறிக்கை, தம் சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்கிறது. இவ்விரண்டையும் மேற்கோள் காட்டாத பொதுச் சுகாதார மாணவர் இல்லை. மேற்கோள் காட்டிய கையோடு இருக்கையில் அமர்ந்துவிடுவதுதான் சிக்கல்.

செய்யவேண்டியவை மலையைப் பெயர்ப்பவை அல்ல. நெறிமுறைக் குழு, ஆய்வு முடிந்தபின் இறுதி அறிக்கையோடு பங்கேற்பாளர் மொழியிலான முடிவுச் சுருக்கத்தையும் கேட்கட்டும். ஒப்புதல் படிவத்துக்குக் காட்டிய கண்டிப்பை அதற்கும் காட்டட்டும். கருத்தரங்குக்கு நிதி தருவோர், எத்தனை பேராளர்கள் என்று கேட்கும் விண்ணப்பத்திலேயே, ஆய்வுக்குள்ளான மக்களிடம் முடிவு எப்படிச் சேரும் என்றும் கேட்கட்டும். இரண்டு நாள் கருத்தரங்கில் அரைநாள் அமர்வு பூந்துறையிலோ சாலையிலோ நடக்கட்டும். அது காலை பத்து மணிக்கு நடக்க வேண்டாம். மீன் விற்பனையும் குப்பை வண்டியும் முடிந்த பின் நடக்கட்டும். அங்கு வருவோருக்கு இழக்கும் நாட்கூலியைக் கருத்தாளர் மதிப்பூதியத்தின் தலைப்பிலேயே வழங்கட்டும். விமானக் கட்டணத்துக்கு இடம்தரும் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கும் இடம் கிடைக்கும். நகரத்துத் தமிழ்த்துறை மாணவரும் மலையாளத்துறை மாணவரும் பொதுச் சுகாதார மாணவரோடு அமர்ந்து முடிவுச் சுருக்கங்களை எழுதும் பயிலரங்கு ஒன்று ஆண்டுதோறும் நடக்கட்டும். பயன் இரு தரப்புக்கும் உண்டு. ஒருவர் தம் மொழிக்குப் புதிய வேலை தருவார். மற்றவர் தாம் எழுதியது தமக்கே விளங்கியிருக்கிறதா என்று கண்டுகொள்வார்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு துறைத் தலைவரின் முடிவு போதும். சிலவற்றுக்கு ஒரு நெறியாளரின் முடிவே போதும். தம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தைச் சேர்க்கும் மாணவர், அதற்கடுத்த பக்கத்தில் முடிவின் தமிழ் வடிவத்தையும் சேர்ப்பதை எந்தப் பல்கலைக்கழகமும் தடுக்கவில்லை.

நாகர்கோவிலுக்குப் போகும் மாலைப் பேருந்தில் மருத்துவமனைக் கோப்பை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் அம்மையாருக்கு ஒரு கையெழுத்து நினைவிருக்கும். ஏதோ ஆராய்ச்சி என்றார்கள், நல்லதுக்குத்தான் என்றார்கள், போட்டுக் கொடுத்தார். என்ன கண்டுபிடித்தார்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் அவரிடம் விடை இல்லை. அவருக்குத் தர வேண்டிய விடையோ ஏதோ ஒரு கருத்தரங்குத் தொகுப்பில், ஐ.எஸ்.பி.என். எண்ணோடு, துறை நூலகத்தின் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது.